விருந்தாளியின் ஜன்னல்: அதிவேக ரயில் கதைகள் பற்றிச் சில குறிப்புகள்

கோவையில் தொழில் செய்கிறவர்கள் வெளிநாடு போய் வந்தால் மூன்று சாமான் கொண்டு வருவார்கள். சாக்லேட், அங்கே பார்த்த ஒரு மெஷினின் படம், ஒரு ரயில் கதை. சாக்லேட் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். மெஷினை ஆறு மாதத்தில் கணபதியிலோ சிட்கோவிலோ யாராவது பார்த்துச் செய்துவிடுவார்கள். ரயில் கதை மட்டும் தீராது. கல்யாண வீட்டுப் பந்தியிலும் ரோட்டரிக் கூட்டத்திலும் காலை நடைக்குப் பின் காபிக் கடையிலும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

"டம்ளர்ல தண்ணி வெச்சனுங்க. முந்நூறு கிலோமீட்டர் ஸ்பீடு. ஒரு சொட்டுச் சிந்தோணுமே? ம்ஹூம்."

இந்தக் கதையை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக எண்ணம். ஜப்பான் போனவர், சீனாவில் குவாங்சோ சந்தைக்குப் போனவர், ஜவுளி எந்திரக் கண்காட்சிக்கு மிலான் போனவர் என்று யார் சொன்னாலும் உறுப்புகள் மாறுவதில்லை. முதலில் டம்ளர் அல்லது செங்குத்தாக நிற்கும் நாணயம். அடுத்து, ஏழே நிமிஷத்தில் பெட்டியைத் துடைத்துவிட்டு வரிசையாக நின்று குனிந்து வணங்கும் பெண்கள். அப்புறம் மன்னிப்பு. 2017 நவம்பரில் டோக்கியோ பக்கத்து சுகுபா எக்ஸ்பிரஸ் இருபது விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டதற்கு அந்தக் கம்பெனி வருத்தம் தெரிவித்த செய்தி இன்றைக்கும் நம் கைபேசிகளில் சுற்றுகிறது. அது அதிவேக ரயிலே அல்ல, புறநகர்ப் பாதை என்பது யாருக்கும் முக்கியமில்லை. கடைசியில் ஒரு பெருமூச்சு: "நம்மூர்ல இருக்கறானுகளே..."

இந்த 'றானுக' யார்? சொல்கிறவர் அதில் இல்லை. கேட்கிற நாமும் இல்லை. வெற்றிலை துப்புகிறவன், டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவன், படிக்கட்டில் உட்கார்ந்து வருகிறவன். சொந்த ஊரில் நின்றுகொண்டு அந்த ஊரை வெளிநாட்டு விருந்தாளியின் கண்ணால் பார்க்கிற சலுகையை இந்தக் கதை தன் கதைசொல்லிக்கு வழங்கிவிடுகிறது. ரயில் அதற்கு ஒரு சாக்கு. கதை சொல்லிச் சொல்லி உண்டாக்குவது ஒரு 'நாம்', ஒரு 'அவனுக'.

இதை ஊரார்மேல் மட்டும் பழிபோட்டு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன்.

2018-ல் பஞ்சாலைத் தொழிலாளர் பற்றிய ஒரு கருத்தரங்குக்காக ஒசாகா போனேன். அழைத்தவர்கள் ஏழு நாள் ரயில் பாஸ் ஒன்று ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்தப் பாஸ் கிடைக்க, தற்காலிக வருகையாளர் என்று கடவுச்சீட்டில் முத்திரை விழுந்திருக்க வேண்டும். உள்ளூரில் வாழ்கிற ஜப்பானியருக்கு அது கிடையாது. அப்போது அதன் விலை 29,110 யென். டோக்கியோவிலிருந்து ஒசாகா போய்த் திரும்ப ஒரு ஜப்பானியர் கொடுக்கிற காசும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அவர் ஒரு தடவை போய் வருகிற காசில் நான் ஒரு வாரம் முழுக்கச் சுற்றலாம். 2023 அக்டோபரில் இது ஐம்பதாயிரம் யென்னாக ஏறியது வேறு விஷயம். விருந்தாளியாக இருப்பது ஒரு விலைப்பட்டியல் என்பதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. ஜன்னலோர இருக்கை, வலப்பக்கம் ஃபுஜி மலை, மடியில் கட்டுச்சோற்றுப் பெட்டி. பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் நடத்துநர் திரும்பி நின்று குனிந்து வணங்கிவிட்டுப் போனார். எனக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு பிடித்துப்போனது. இரண்டாம் நாளே எதிர்பார்க்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

கருத்தரங்கில் முன்னாள் ரயில்வே ஊழியர், வயதானவர், மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசினார். 1987 ஏப்ரல் 1 அன்று ஜப்பான் தேசிய ரயில்வே துண்டாடப்பட்டுத் தனித்தனிக் கம்பெனிகளாக ஆனது. பிரதமர் நகசோனே காலம். கொகுரோ என்ற பெரிய தொழிற்சங்கத்தைச் சேர்ந்தவர்களைப் புதுக் கம்பெனிகள் ஒதுக்கின. 1990-ல் வேலை நீக்கம் செய்யப்பட்டவர்கள் 1,047 பேர். இவர்களுடைய போராட்டம் 2010-ல் ஒரு சமரசத்துக்கு வர இருபது வருஷம் பிடித்தது. அதற்குள் எத்தனையோ பேர் செத்தும் போயிருந்தார்கள். நம் 1974 மே வேலைநிறுத்தத்தை நினைத்துக்கொண்டே கேட்டேன். அடுத்து அவர் சொன்னது அமகசாகி. ஒசாகாவை ஒட்டிய ஊர். 2005 ஏப்ரல் 25 காலை, ஏறக்குறைய ஒன்றரை நிமிடத் தாமதத்தைச் சரிக்கட்ட, இருபத்து மூன்று வயது ஓட்டுநர் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப வேண்டிய வளைவில் 116-ல் போனார். ரயில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதி, ஓட்டுநரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள். தாமதம் செய்யும் ஊழியரை 'மறுபயிற்சி' என்ற பெயரில் அவமானப்படுத்துவதும் களை பிடுங்கவைப்பதும் அந்தக் கம்பெனியில் நடந்துவந்தது என்பது பிறகு வெளியே வந்தது. அதுவும் அதிவேக ரயில் அல்ல, சாதாரண உள்ளூர் ரயில். ஆனால் இருபது விநாடி மன்னிப்புக் கதையின் மறுபக்கத்தை அச்சடித்தால் இந்தச் சாவுதான் வரும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு ஊர் திரும்பினேன். காந்திபுரத்தில் இறங்கியதும் நண்பர்களிடம் முதலில் என்ன சொன்னேன்? டம்ளரில் தண்ணி சிந்தவில்லை என்று சொன்னேன்.

ரயில் பயணம் மனிதப் பார்வையை எப்படி மாற்றியது என்று வோல்ஃப்காங் ஷிவெல்புஷ் 1977-ல் ஜெர்மனில் ஒரு புத்தகம் எழுதினார். வேகம் கூடக்கூட ஜன்னலுக்கு அருகில் இருப்பது கரைந்துபோகிறது, தூரத்தில் இருப்பது மட்டும் அசையாத காட்சியாக நிற்கிறது என்பது அதில் அவர் விரித்துச் சொல்கிற விஷயம். பயணி நிலத்தின் ஒரு பகுதியாக இல்லாமல் பார்வையாளனாகிவிடுகிறான். எனக்கு நடந்தது இதுதான். ஃபுஜி நின்றது, கொகுரோக்காரர் கரைந்துபோனார். இதை வேகத்தின் குற்றம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. கதை சொல்கிற முறையே அப்படித்தான் பழகியிருக்கிறது.

தமிழில் இந்தப் பழக்கம் எப்போது ஏற்பட்டது என்பது தனியாக ஆராய வேண்டிய விஷயம். 1930களில் புகைப்படக் கலை படிக்க டோக்கியோ போன ஏ.கே. செட்டியாரின் பயண எழுத்தில் ஒரு கூச்சம் உண்டு. 'நான்' என்று எழுதவே தயங்குகிறவர், எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளைக் கவனிக்கிறவர். பிறகு மணியன் விகடனில் எழுதிய தொடர்கள் வழியாக வெளிநாடு நடுத்தர வர்க்க வீட்டுக் கூடத்துக்குள் வந்தது. ஒசாகாவில் நடந்த எக்ஸ்போ 70 கண்காட்சியை 1973-ல் 'உலகம் சுற்றும் வாலிபன்' டெண்ட் கொட்டகைக்கே கொண்டுவந்து காட்டியது. நாடுகள் கண்காட்சியாக மாறின. கண்காட்சியில் யாரும் எதிர் இருக்கை ஆளிடம் பேசுவதில்லை.

இனி, நம் ஊர் ரயிலுக்கு வருகிறேன்.

2023 ஏப்ரல் 8 அன்று சென்னை – கோவை வந்தே பாரத் ரயிலைப் பிரதமர் சென்னை சென்ட்ரலில் தொடங்கிவைத்தார். 495 கிலோமீட்டர், ஐந்து மணி ஐம்பது நிமிடம். டோக்கியோ – ஒசாகா 515 கிலோமீட்டர். அந்தப் பாதையில் 1964 அக்டோபர் 1 அன்று ரயில் விட்டபோது நான்கு மணி நேரம் ஆனது. நாம் எத்தனை வருஷம் பின்னால் இருக்கிறோம் என்று கணக்குப் போடுகிறவர்கள் போடட்டும். ரயில்வேயே இதை 'அரை அதிவேகம்' என்றுதான் சொல்கிறது. பழைய பாதையிலும் இருநூறைத் தொட்டால்தான் உலக அளவில் அதிவேகம் என்பார்கள். நம்முடையதின் சராசரி எண்பத்தைந்து. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. கோவை எக்ஸ்பிரஸில் ஏழரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்தவனுக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சம் என்பது மிச்சம்தான்.

ஏறினேன். கதவு தானாக மூடியது. பெட்டி முழுக்கக் கைபேசிகள் உயர்ந்தன. பின்னால் ஒரு குரல்: "ஜப்பான் மாதிரியே இருக்குதுங்க!" ஜப்பானை அவர் பார்த்திருக்க வேண்டியதில்லை, கதையைக் கேட்டிருந்தால் போதும். அந்த வாக்கியத்தில் அவர் ரயிலை மட்டும் புகழவில்லை; இனி நான் இந்த ஊருக்கே விருந்தாளி என்று அறிவித்துக்கொள்கிறார். பீளமேடு, சிங்காநல்லூர், இருகூர் என்று ஒவ்வொன்றாகக் கரைந்தன. பஞ்சாலைச் சங்கு ஊதி எழுந்த ஊர்கள் இவை. ரங்கவிலாஸ் மில் வழக்கில் சின்னியம்பாளையத்துத் தோழர்கள் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்டது இந்த மண்ணின் கதை. 2020 மார்ச் ஊரடங்கில் நின்றுபோன தேசியப் பஞ்சாலைக் கழக மில்களும் இந்த நகரத்தில்தான் இருக்கின்றன. திறக்க முடியாத கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தால் இவையெல்லாம் சுவர், சுவர், சுவர். சோமனூரில் விசைத்தறிச் சத்தம் காதில் விழவில்லை. நின்றிருந்தால்தானே விழும்.

ஈரோட்டில் வண்டி நின்றபோது ஒன்று ஞாபகம் வந்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி, இதராளுக்குத் தனி என்று இருந்தது. ஈரோட்டுக்காரர் விடாமல் சண்டை போட்டதில் அது 1941-ல் ஒழிந்தது. இப்போது இந்த வண்டியில் அப்படிப் பலகை எதுவும் இல்லை. முன்பதிவில்லாப் பெட்டியே இல்லை என்பதால் பலகைக்கு அவசியமும் இல்லை.

இந்த ஊருக்கு ரயில் வந்த விதத்திலேயே ஒரு விருந்தாளி இருந்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1862-ல் சென்னையையும் மேற்குக் கடற்கரை பேப்பூரையும் சேர்த்த பாதை போத்தனூரைத் தொட்டுக்கொண்டு போனது, கோவை ஊருக்குள் வரவில்லை. 1873-ல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளை போட்டபோதுதான் ஊருக்குள் தண்டவாளம் வந்தது. வெள்ளைக்காரன் ஊட்டிக்குப் போகிற வழியில் நமக்கும் ஒரு ஸ்டேஷன்! அதே மேட்டுப்பாளையத்தில் இன்றைக்கும் வெளிநாட்டார் காத்திருந்து ஏறுகிறார்கள். பல்சக்கர மலை ரயில், நாற்பத்தாறு கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரம். அவர்கள் மெதுவாகப் போகக் கடல் தாண்டி இங்கே வருகிறார்கள், நாம் வேகமாகப் போக அங்கே போகிறோம். இரண்டு பேருக்குமே ஜன்னலுக்கு வெளியே இருப்பவர்கள் காட்சிதான்.

ஆனால் கொங்கு நாட்டில் ரயிலில் வந்து இறங்குகிற அந்நியர்களில் பெரும்பாலோர் இவர்கள் யாருமில்லை. ஆலப்புழை – தன்பாத் எக்ஸ்பிரஸில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் திருப்பூரில் வந்து இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பனியன் கம்பெனி, ஸ்பின்னிங் மில், ஃபவுண்டரி, ஓட்டல் என்று இந்த ஊரின் இயக்கமே அவர்கள் தோளில் இருக்கிறது. அவர்களுக்கு நாம் வைத்திருக்கும் சொல் 'வடக்கன்'. வந்தே பாரத் வருவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளரை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்யான காணொளிகள் பரவின. பிகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துப் போனது. ஹோலிக்கு ஊர் போகக் கோவையிலும் திருப்பூரிலும் கூடிய கூட்டம் உயிருக்குப் பயந்து ஓடும் கூட்டமாக வாசிக்கப்பட்டது. காணொளி பொய் என்பதை நாம் சத்தமாகச் சொன்னோம், சொல்ல வேண்டியதுதான். அந்தப் பொய்யை ஒரு தாய் உடனே நம்பினாளே, அதற்கு நம் 'வடக்கன்' என்ற சொல்லில் ஏதாவது பங்கு உண்டா என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 2 வந்தது. பாலசோர் பக்கத்தில் பஹாநாகா பஜார். ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். கிட்டத்தட்ட முந்நூறு பேர் செத்தார்கள். அடுத்த நாள் நடக்க வேண்டிய கோவா வந்தே பாரத் தொடக்க விழா ரத்தானது. கோரமண்டல் வங்காளத்துக்கும் ஒடிசாவுக்கும் தெற்கே வேலைக்கு வரும் பாதை. அதன் முன்பதிவில்லாப் பெட்டிகள் நொறுங்கின. முன்பதிவு செய்தவருக்குப் பெயர், வயது, இருக்கை எண் உண்டு. பொதுப்பெட்டிக்கு பட்டியல் கிடையாது. யார் ஏறினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. புவனேஸ்வர் மருத்துவமனையில் குளிர்பெட்டியில் நான்கு மாதம் கிடந்து, யாரும் கேட்டு வராமல், 2023 அக்டோபரில் 28 உடல்களை மாநகராட்சியே எரித்தது. அதில் திருப்பூருக்கு வந்துகொண்டிருந்தவன் எவனாவது இருந்தானா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. கதையில் பெயரில்லாதவனுக்குச் சாவிலும் பெயரில்லாமல் போனது.

இந்தக் கட்டுரையைப் படித்துப் பார்த்த தோழர் ஒருவர் கோபித்துக்கொண்டார். "அப்ப நீ காந்தி மாதிரி ரயிலே வேண்டாங்கறியா?" என்றார். 1909-ல் 'ஹிந்த் சுயராஜ்' எழுதிய காந்தி ரயில் பிளேகைப் பரப்புகிறது, பஞ்சத்தைப் பெருக்குகிறது என்றார். அதே காந்தி 1917-ல் மூன்றாம் வகுப்புப் பெட்டியின் அவலம் பற்றியும் எழுதினார். அந்த இரண்டாவது காந்தியோடுதான் எனக்குப் பேச்சு. வேகம் யாருக்கும் வேண்டாம் என்பது மெதுவாகப் போக வசதி உள்ளவன் பேச்சு. தோழர் சொன்னதில் இன்னொரு நியாயமும் உண்டு. கோவை – பெங்களூரு வந்தே பாரத் அயோத்தியிலிருந்து தொடங்கிவைக்கப்பட்ட அதே 2023 டிசம்பர் 30 மேடையில்தான் குளிர்சாதனம் இல்லாத, பொதுப்பெட்டி உள்ள அம்ரித் பாரத் வண்டிகளும் தொடங்கின. 2025 செப்டம்பரில் நேபாள எல்லையோரத்து ஜோக்பனியையும் நம் ஈரோட்டையும் அப்படி ஒரு வண்டி இணைத்தது. பெரியார் ஊருக்கும் பிகார் எல்லைக்கும் நேர் ரயில்! இதைப் பற்றி எந்தக் காபிக் கடையிலும் ஒரு கதை கேட்டீர்களா? அதில் யாரும் டம்ளர் வைத்துப் பார்க்கவில்லை.

இதை எழுதத் தூண்டியது ஒரு மதிய நேரம். திருப்பூர் ஸ்டேஷன் நடைமேடை, தன்பாத் வண்டி தாமதம். பக்கத்தில் இருந்தவர் ஒடிசா, தித்லாகட் பக்கம். ஒன்பது வருஷமாகக் கட்டிங் மாஸ்டர். தங்கச்சி கல்யாணத்துக்குப் போகிறார். ஒன்றரை நாள் பயணம், பொதுப்பெட்டி. தமிழ் திருப்பூர்த் தமிழ். எந்த ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க நேரம் இருக்கும், எங்கே இறங்கினால் இடம் போய்விடும், கக்கூஸ் வாசலில் உட்கார இடம் கிடைத்தால் எந்தப் பக்கமாக உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குத் தெரிந்த எந்தப் பயண நூலிலும் இப்படி ஒரு வரைபடம் இல்லை. என்னைப் பற்றிக் கேட்டார். வாய் சும்மா இருக்காமல் ஜப்பான் ரயிலைச் சொன்னேன். டம்ளரையும் சொன்னேன்.

"அண்ணா, அதுல ஜெனரல் பெட்டி இருக்குங்களா?"

இதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. இருந்தது. நான் போன ஹிகாரி வண்டியில் ஒன்றிலிருந்து ஐந்து வரை முன்பதிவில்லாப் பெட்டிகள். வேகமான நொசோமியிலும் அப்போது மூன்று இருந்தன. டிக்கெட் மலிவு என்று சொல்ல முடியாது, சில நூறு யென்தான் குறைவு. ஆனாலும் முன்கூட்டித் திட்டமிடாதவன், அவசரத்துக்கு ஓடுகிறவன், அதே வேகத்தில் போகலாம். இடம் இல்லாவிட்டால் நின்றுகொண்டு போகலாம். கண்ணால் பார்த்திருக்கிறேன். எத்தனையோ தடவை கதை சொல்லியிருக்கிறேன், இந்தப் பெட்டியை ஒருமுறையும் சொன்னதில்லை.

"இருக்குதுப்பா. நின்னுட்டும் போலாம்."

"எத்தனை நேரமுங்க?"

"மூணு மணி நேரம்."

அவர் சிரித்தார். "மூணு மணி நேரம் நிக்கறதுக்கு என்னங்கண்ணா?" என்றார். வண்டி இன்னும் நாற்பது நிமிடம் தாமதம் என்று ஒலிபெருக்கி மூன்று மொழியில் சொன்னது. பையைத் தலைக்கு வைத்து அவர் நடைமேடையில் படுத்துக்கொண்டார். தூங்கிவிட்டால் எழுப்பச் சொன்னார்.